வலது முன்கால்

எங்களிடம் இருந்தது அரைச் சோடிதான். மாட்டுவண்டிச் சவாரிக்கு இரண்டு மாடுகள் வேண்டும்; எங்கள் கொட்டிலில் நின்றது ஒன்று, சிவலை. மற்றது வட்டுக்கோட்டையில் வேறொருவரின் வளவில் நின்றது, அது மயிலை. யாழ்ப்பாணத்தில் இப்படிச் சேர்ந்து ஓடுகிற சோடிகள் பல உண்டு. முழுச் சோடியை வாங்கிக் கட்டித் தீன்போட வசதியில்லாத இரண்டு பேர் ஆளுக்கொரு மாட்டை வளர்த்து, சவாரி நாளில் இரண்டையும் ஒரே நுகத்தில் பூட்டுவார்கள். நடை, உயரம், குணம் எல்லாம் பொருந்த வேண்டும். கல்யாணப் பொருத்தத்தை விடக் கவனமாகப் பார்ப்பார்கள். என் கல்யாணத்தை விட, நிச்சயமாக.

மயிலையை வளர்த்தவரை நாங்கள் மயிலையண்ணை என்றுதான் கூப்பிடுவோம். ஐம்பது வயதைத் தாண்டியவர், வெங்காயத் தோட்டக்காரர், அளந்து கதைக்கிறவர். மாட்டைக் குளிப்பாட்டித் தீன்போட்டது அவர் என்றாலும், அதை வாங்கிக் கொடுத்தது கனடாவில் இருக்கும் அவருடைய மைத்துனர். சவாரித் திடலில் ஒலிபெருக்கியில் மைத்துனரின் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். வண்டியை ஓட்டுவது என் அண்ணன். புருசனை விட்டு வந்த நாளிலிருந்து நான் அண்ணனோடு ஒரே வீட்டில் இருக்கிறேன். சந்தியில் ஒரு கொமினிகேசன் கடையில் வேலை. போட்டோக்கொப்பி எடுப்பது, போனுக்கு ரீலோட் போடுவது, வயதானவர்களுக்கு முகநூல் திறந்து கொடுப்பது, பிறகு அவர்கள் மறந்துபோன கடவுச்சொல்லைத் தேடிக் கொடுப்பது.

சோடிக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது. மாட்டுக்கு ஒரு குறை என்றால் அதைச் சோடிக்காரனுக்குச் சொல்லியே ஆகவேண்டும். அவனைத் தவிர வேறு ஒருவருக்கும் சொல்லக்கூடாது. ‘அந்த மாட்டுக்குக் கால் பிழை’ என்று ஒரு கதை வெளியே போய்விட்டால், காயம் ஆறினாலும் கதை ஆறாது. அந்த மாட்டோடு சோடி சேர யாரும் வரமாட்டார்கள். ஓடாத சவாரி மாட்டை வைத்துத் தீன்போட யாருக்கும் கட்டுபடியாகாது. பிறகு அது எங்கே போகும் என்று எங்கள் ஊரில் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஒருநாள் வாசல் படலையடியில் சின்ன லொறி ஒன்று வந்து நிற்கும், அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மயிலையை எங்கள் வளவுக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். திடல் எங்கள் ஊருக்குக் கிட்ட. நான் ஒரு வாளியில் தவிட்டுத் தண்ணீர் கரைத்து மயிலையின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றேன். அது எனக்குப் பிடித்த மாடு. குடித்து முடித்ததும் ஈர மூக்கை என் கையில் துடைக்கும். மயிலையண்ணை அதன் முன்காலடியில் குந்தி, அண்ணனையும் குந்தச் சொன்னார்.

“முந்தநாள் முள்ளு ஒண்டு குத்திப்போட்டுது. எடுத்திட்டன். மஞ்சள் வைச்சுக் கட்டினனான், வீக்கம் வத்தீட்டுது. உனக்குச் சொல்லோணும்.”

அண்ணன் குளம்பை அமுக்கிப் பார்த்தார். மாடு காலை இழுக்கவில்லை.

“ஓடுமோ?”

“நடத்திப் பார்.”

வளவைச் சுற்றி இரண்டு தரம் நடத்தினார்கள். நொண்டவில்லை. பெயர் கொடுத்தாயிற்று, கனடாவில் மைத்துனர் நேரலை பார்க்கக் காத்திருக்கிறார், இனி நிற்பாட்டினால் நாலு பேர் நாலு கதை சொல்வார்கள். பூட்டுவது என்று முடிவெடுத்தார்கள். நொந்த காலோடு ஒரு மாட்டைப் பூட்டியது பிழைதான். அதை நான் மழுப்பமாட்டேன். வாளியோடு பக்கத்தில் நின்ற எனக்கும் அதில் பங்கு உண்டு, நானும் வாய் திறக்கவில்லை.

நான் திடலுக்குப் போகவில்லை. வழக்கம்போல வீட்டிலிருந்து முகநூல் நேரலையில் பார்த்தேன். மாடுகளுக்கு மேலே கருத்துகள் ஏறிக்கொண்டே இருந்தன: ரொறன்ரோ, பரிஸ், லண்டன், இதயங்கள், கைதட்டல்கள். எங்கள் வண்டி பாதித்தூரம் வரை முன்னுக்கு நின்றது. நான் கட்டிலை விட்டு எழும்பி நின்றுவிட்டேன். முடிவுக் கோட்டுக்குக் கொஞ்சத் தூரம் இருக்கும்போது அண்ணன் திடீரென்று பின்னுக்குச் சாய்ந்து கயிற்றை இழுத்துப் பிடித்தார். மற்ற வண்டி கடந்து போயிற்று. பிறகு ஒரே கூச்சல்.

வீட்டுக்கு வந்த அண்ணன் முகம் கழுவாமலே மாட்டுக் கொட்டிலடியில் இருந்துவிட்டார்.

“கால் மடங்கினது தெரிஞ்சுது,” என்றார். “இன்னும் நாலு பாகம் தூரம் ஓட விட்டிருந்தா முழங்கால் மண்ணிலை. விழுந்தா வண்டி அதுக்கு மேலைதான்.”

அவர் சவாரியை விட்டுக்கொடுத்து மாட்டைக் காப்பாற்றியிருந்தார். அது தெரிந்தவர்கள் உலகத்தில் மூன்று பேர். அண்ணன், மயிலையண்ணை, நான்.

மறுநாள் காலை நான் கடையைத் திறப்பதற்கு முன்பே வீடியோவை வெட்டிவிட்டார்கள். ஏழு செக்கன். அண்ணன் சாய்கிற அந்த இடம் மட்டும், மெதுவாக்கி, கயிற்றைப் பிடித்த கையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு. மேலே ஒரு வசனம்: ‘விலைபோன கை’. மத்தியானத்துக்குள் எங்கள் ஊரில் போன் வைத்திருக்கிற எல்லோரும் பார்த்துவிட்டார்கள். நான் பார்த்தது எத்தனை தரம் என்று எனக்கே தெரியாது. கருத்துகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். வாசிக்காதே என்று கை சொல்லும், கண் கேட்காது.

‘உவனுக்கு எவ்வளவு குடுத்தாங்களாம்?’ ‘உவன்ரை கையை முறிச்சுவிட வேணும்.’ ‘இன்னும் ரெண்டு அடி போட்டிருந்தா மாடு பறந்திருக்கும், வேணுமெண்டு இழுத்தவன்.’ இதை எழுதியவர்களில் பாதிப்பேர் யாரென்றே தெரியாது. படத்துக்குப் பதில் புலி, சிங்கம், நடிகர். மீதிப் பாதியைத் தெரியும் என்பதுதான் கொடுமை. ஒருவர் முந்தின கிழமை என்னிடம் வந்து முகநூல் திறப்பித்தவர். கடவுச்சொல்லை நான்தான் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன்.

கடைக்கு அடையாள அட்டை கொப்பி எடுக்க வந்த ஒருவர், மிச்சக் காசை வாங்கிக்கொண்டு கேட்டார்:

“என்ன பிள்ளை, உங்கடை அண்ணை கயிறை இழுத்தவராமே?”

“கயிறு இருக்கிறது இழுக்கத்தானே,” என்றேன். அவர் சிரித்தார்.

அண்ணனிடம் முகநூல் இல்லை. ஆனால் தேத்தண்ணிக் கடையில் அவர் இருக்கும்போதே மற்றவர்கள் சத்தமாக வாசித்துக் காட்டினார்கள். செவ்வாய்க்கிழமையிலிருந்து அவர் அந்தக் கடைக்குப் போகவில்லை. தோட்டத்துக்கும் பின் ஒழுங்கையால் சுற்றித்தான் போனார். நான் சண்டை பிடித்தேன்.

“சொல்லுங்கோவன் அண்ணை. கால் நொந்தது, அதாலை இழுத்தனான் எண்டு ஒரு சொல்லு. எல்லாற்றை வாயும் மூடும்.”

“சொல்லேலாது.”

“அப்ப உந்த நாயள் குரைக்கிறதைக் கேட்டுக்கொண்டு இருக்கப்போறியளோ?”

“குரைச்சுப்போட்டு விடுவாங்கள். மயிலையின்ரை கதை வெளியிலை போனா விடமாட்டாங்கள். அவர் எனக்குத்தான் சொன்னவர். ஊருக்கு இல்லை.”

எனக்கு அவர் மீதும் கோபம் வந்தது. நல்ல மனுசராக இருப்பதற்கும் ஒரு அளவு வேண்டாமா?

புதன்கிழமை பதினொரு மணியளவில், கடையில் ஆள் இல்லாத நேரத்தில், அந்த வீடியோவின் கீழ் ஒரு புதிய கருத்து வந்தது. ‘தங்கச்சியைப் புருசனோடை வைச்சிருக்கத் தெரியாதவன், மாட்டை எப்பிடி நேரா ஓட்டுவான்?’ கீழே நாற்பதுக்கு மேற்பட்ட சிரிப்பு முகங்கள். நான் ஒவ்வொரு சிரிப்பையும் திறந்து பெயர் பார்த்தேன். என்னோடு படித்த ஒருத்தி இருந்தாள். எங்கள் கோயில் ஐயரின் மகன் இருந்தான்.

அழவில்லை. எனக்கு அழுகையை விடக் கோபம்தான் கெதியாக வரும். கடையில் சோதித்துப் பார்க்க என்று நான் முன்பு திறந்த ஒரு பொய்க் கணக்கு இருந்தது. பெயர் ஏதோ ஒரு பெயர், படம் ஒரு நித்தியகல்யாணிப் பூ. அதற்குள் போய் ஒரே மூச்சில் எழுதினேன்: ‘தெரியாமல் கதைக்காதேங்கோ. மயிலைக்கு வலது முன்காலிலை ஏற்கனவே காயம். அது ஓட்டினவருக்குத் தெரியும். கயிறை இழுக்காட்டி மாடு விழுந்து செத்திருக்கும்.’

அனுப்பினேன். நெஞ்சு குளிர்ந்தது. ஒரு பிளேன்ரீ ஊற்றிக் குடித்தேன். கொஞ்ச நேரத்தில் ஒருவர் ‘அப்பிடியெண்டா அந்த மனுசன் பாவம்’ என்று எழுதினார். நான் பூவின் பெயரில் அதற்கு ஒரு இதயம் போட்டேன்.

பின்னேரம் கடை பூட்டும்போது எல்லாம் மாறியிருந்தது. கூட்டம் அண்ணனை விட்டுவிட்டு அப்படியே திரும்பி மயிலையண்ணையின் மீது விழுந்தது. ‘நொண்டி மாட்டைக் கொண்டுவந்து ஏமாத்திப் பூட்டினவன்.’ ‘வாயில்லாச் சீவனை வதைக்கிற பாவி.’ ‘பொலிசுக்குக் குடுங்கோ.’ முந்தநாள் ‘இன்னும் ரெண்டு அடி போட்டிருந்தா’ என்று எழுதிய அதே ஆள் இன்று கண்ணீர் விடும் முகம் போட்டிருந்தான். என் கருத்தைப் படம்பிடித்து, பூவோடு சேர்த்து, வேறு வேறு பக்கங்களில் போட்டிருந்தார்கள். நான் அழித்தேன். என்னுடையதைத்தான் அழிக்க முடிந்தது.

வியாழக்கிழமை சவாரிக் குழுவினர் மயிலையண்ணைக்குப் போன் எடுத்து, மிருக வைத்தியரின் கடிதம் இல்லாமல் இனிமேல் அந்த மாட்டைத் திடலுக்குக் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கனடா மைத்துனருக்கு அங்கே ஒரு பிறந்தநாள் விழாவில் யாரோ படத்தைக் காட்டியிருக்கிறார்கள். அவர் எடுத்த போனைப் பற்றி ஊரே கதைத்தது. தன் பெயரை நாறடித்த மாடு தனக்கு வேண்டாம், வித்துப்போடு என்று கத்தினாராம். இதையெல்லாம் கடைக்கு வந்தவர்கள்தான் எனக்குச் சொன்னார்கள். சொல்லிவிட்டுக் கேட்டார்கள்: “உந்தப் பூப் படம் போட்ட ஆள் ஆராயிருக்கும் பிள்ளை? உனக்குக் கண்டுபிடிக்கத் தெரியாதோ?”

“தெரியாது,” என்றேன். எத்தனை பேருக்குச் சொன்னேன் என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு மயிலையண்ணையின் மோட்டார் சைக்கிள் எங்கள் படலையடியில் நின்றது. காலின் விசயம் மூன்று பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவர் அவர். மிச்சம் இரண்டு பேரும் இந்த வீட்டில்தான் இருந்தோம்.

அண்ணன் கதிரையை இழுத்துப் போட்டார். நான் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்தேன். மயிலையண்ணை கோப்பையை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார். சட்டைப்பையில் மடித்த கடதாசி ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. ஒருமுறை அதைத் தொட்டார், எடுக்கவில்லை.

“நான் சண்டைக்கு வரேல்லை,” என்றார். “ஒண்டு கேக்க வந்தனான். அந்தக் கதை எப்பிடி வெளியிலை போனது?”

அண்ணன் என்னைப் பார்த்தார். அரை நொடிதான் இருக்கும். அந்த அரை நொடியில் அவருக்கு விளங்கிவிட்டது. நான் தேத்தண்ணித் தட்டை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

“நான்தான் அண்ணை,” என்றார் என் அண்ணன். “ஒருதனுக்கு வாய்தடுமாறிச் சொல்லிப்போட்டன். அவன் எழுதிப்போட்டான்.”

“நீ?”

“ஓம்.”

“நீ சொன்னனி?”

“ஓமெண்டுறன்.”

மயிலையண்ணை தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமான பார்வை இல்லை. நான் தட்டைத்தான் பார்த்தேன். கொட்டிலில் சிவலை குளம்பால் நிலத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. அவர் இன்னொரு மிடறு குடித்தார். வெளியே ஒரு ஓட்டோ போயிற்று. அவர் அவசரப்படவில்லை. கோப்பையின் அடி தெரியும் வரை குடித்தார், பிறகும் கொஞ்ச நேரம் வெறும் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார். சொல்லு, சொல்லு என்று எனக்குள்ளே இடித்தது. முகம் தெரியாத ஆயிரம் பேருக்கு நடுவே ஒரே மூச்சில் எழுதத் தெரிந்த எனக்கு, எங்கள் சொந்த முற்றத்தில் இரண்டு பேருக்கு முன்னால் ஒரு சொல் வரவில்லை.

“அப்ப வாறன்,” என்று எழும்பினார். கோப்பையை என் கையில் தந்தார்.

அவர் போனபின் அண்ணன் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அழுதிருப்பேன், ஏதோ ஒன்று முடிந்திருக்கும். அவர், “மாட்டுக்குத் தவிட்டை ஊறவை,” என்று மட்டும் சொன்னார்.

ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று மூன்று நாள் போயிற்று. ஒவ்வொரு நாளும் நாளைக்குப் போய்ச் சொல்வேன் என்று நினைத்தேன். போனில் சொல்லலாமா என்று எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு இருந்தேன். இதற்கிடையே பூப் படம் போட்டது என் அண்ணன்தான் என்று ஒரு பக்கத்தில் எழுதிவிட்டார்கள். ‘சோடிக்காரனைக் காட்டிக்குடுத்தவன்’ என்று. அதைச் சவாரிக்காரர் எவரும் மன்னிக்கமாட்டார்கள். இப்போது யாரும் சிரிப்பு முகம்கூடப் போடவில்லை. அதைப் பார்த்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

புதன்கிழமை கடைக்கு லீவு சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வட்டுக்கோட்டைக்குப் போனேன். வழி முழுக்க வசனங்களை அடுக்கிக்கொண்டு போனேன். மயிலையண்ணை வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். அடுக்கிய வசனம் ஒன்றும் வரவில்லை.

“நான்தான் எழுதினனான்,” என்றேன். “அண்ணைக்கு ஒண்டும் தெரியாது. எனக்காண்டிப் பொய் சொன்னவர்.”

“தெரியும்,” என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

“நொந்தது இடது கால் பிள்ளை. நீ வலது எண்டு எழுதினனி. உன்ரை கொண்ணை மாட்டைப் பின்னாலை வண்டியிலை இருந்து பாக்கிறவன். சவாரிக்காரன் எவனுக்கும் மாட்டின்ரை இடம் வலம் மாறாது. முன்னாலை நிண்டு பாக்கிற ஆளுக்குத்தான் மாறும். அண்டைக்கு முன்னாலை வாளியோடை நிண்டது நீ.”

அப்போதுதான் எனக்கு அந்தக் காலை கண்முன் வந்தது. என் முகத்துக்கு நேரே மயிலையின் முகம், என் வலக்கைப் பக்கம் அவர் குந்தியிருந்த முன்கால். தினமும் சிவலைக்குத் தீன்வைக்கிறவள் நான், எந்த மாட்டையும் நான் முன்னால் நின்றுதான் பார்த்திருக்கிறேன்.

“அப்ப ஏன் அண்டைக்கு வந்து...”

“உன்னட்டைத்தான் வந்தனான்.” அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “மிருக டொக்டரிட்டைக் காட்டிக் கடிதம் எடுத்திட்டன். வலது முன்காலிலை ஒரு குறையும் இல்லையெண்டு எழுதித் தந்தவர். நீ எழுதின காலைத்தானே நான் காட்டோணும்? இடது பதினைஞ்சு நாளிலை ஆறுற முள்ளுக்காயம். எழுதின ஆள் தன்ரை பேரிலை, பிழையா எழுதிப்போட்டன் எண்டு ஒரு சொல்லு போட்டா, கடிதத்தோடை சேர்த்து மச்சானுக்குக் காட்டலாம் எண்டு நினைச்சன். கடிதம் அண்டைக்குப் பையிலைதான் கிடந்தது. நீயா வாய் திறந்தா எடுப்பம் எண்டு தேத்தண்ணி முடியும் வரைக்கும் இருந்தன்.”

“இப்ப போடுறன்,” என்றேன். போனை எடுத்துவிட்டேன். “இந்த நிமிசம் என்ரை பேரிலை, என்ரை படத்தோடை போடுறன். கடிதத்தைத் தாங்கோ.”

அவர் மண்வெட்டியால் ஒரு வாய்க்காலை அடைத்து அடுத்ததைத் திறந்துவிட்டார். தண்ணீர் அங்காலே ஓடத் தொடங்கியது. நான் திரும்பிக் கொட்டிலைப் பார்த்தேன். கட்டையில் கயிறு சுற்றியிருந்தது. தொட்டியில் தண்ணீர் அரைவாசி இருந்தது.

“எப்ப?” என்று கேட்டேன்.

“திங்கட்கிழமை விடிய. மச்சான்ரை ஆக்கள் லொறியோடை வந்தவை. நான் மறிக்கேல்லை, அது மச்சான்ரை மாடு.” மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே, “சவாரிக்கு வாங்கிற ஆக்கள் நாலு பேருக்குக் கேட்டுப் பார்த்தனான். ஒருதரும் வரேல்லை. கால் பிழையாம்,” என்றார்.

நான் அந்த இடத்திலேயே வரம்பில் குந்திவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு முழு நாளும் இருந்தது. அன்று மத்தியானம் நான் தலைமுழுகி, துணி காயப்போட்டு, பூப் படக் கணக்கை நிரந்தரமாக அழிப்பது எப்படி என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து என் பெயரில் எல்லாவற்றையும் எழுதிப் போட்டேன், அண்ணன் மீது ஒரு பழியும் இருக்கக்கூடாது என்பதற்காக. நிறையப் பேர் வந்து எனக்கு எழுதினார்கள். அவற்றை நான் இங்கே சொல்லப்போவதில்லை; அவர்கள் எழுதியதில் ஒன்றும் எனக்கு உறைக்கவில்லை. உறைத்தது வேறொன்று. அன்று தோட்டத்தை விட்டுப் புறப்படும்போது, ஏதோ கேட்க வேண்டும் என்பதற்காக, லொறியில் வந்தவர்கள் காலைச் சோதித்துப் பார்த்தார்களா என்று மயிலையண்ணையிடம் கேட்டேன்.

“இல்லைப் பிள்ளை,” என்றார். “எந்தக் கால் எண்டுகூடக் கேக்கேல்லை. எத்தினை கிலோ நிறை எண்டுதான் கேட்டவை.”